மதுரையில் சுற்றிப் பார்க்கவும் சுவைத்துப் பார்க்கவும்: எந்த நடைக்குக் காசு கொடுக்கலாம்?

மதுரைக்கு ஒரு ராத்திரி, ஒரு பகல் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் கோயிலைப் பார்க்க வேண்டும், மகாலைப் பார்க்க வேண்டும், கறி தோசையும் ஜிகர்தண்டாவும் விட்டுப்போகக் கூடாது. இதற்கு இன்று சில வழிகள் இருக்கின்றன. எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து மாலையில் கூட்டிப்போகும் சாப்பாட்டு நடை ஒன்று. விடிந்ததும் கடைவீதிகளில் தொடங்கும் காலை நடை ஒன்று. கோயிலுக்கு மட்டும் தனியாக ஒரு கைடு பேசிக்கொள்ளலாம். காலையில் காரில் ஏற்றி அழகர்கோவில், திருப்பரங்குன்றம், மகால், மீனாட்சி கோயில், நடுவில் ‘லோக்கல் சாப்பாடு’ என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தரும் பேக்கேஜும் உண்டு. எதுவும் வேண்டாம் என்றால் கையில் ஒரு சீட்டோடு நாமே நடக்கலாம்.

விலையை வைத்துத்தான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். முதலில் ஒப்பிட வேண்டியது நேரத்தை. மீனாட்சியம்மன் கோயில் காலை 5 மணியிலிருந்து பகல் 12.30 வரை, பிறகு மாலை 4 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும்; திருவிழா நாட்களில் மாறும். திருமலை நாயக்கர் மகாலை மாலை 5 மணிக்குச் சாத்திவிடுவார்கள். மெஸ்களில் ஆட்டுக்கறிச் சாப்பாடு மதியத்தோடு சரி. இரண்டரைக்கு மேல் போனால் குழம்பு இருக்கும். குடலும் தலைக்கறியும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். கறி தோசைக் கல்லும் பரோட்டாக் கல்லும் சூடேறுவது பொழுது சாய்ந்த பிறகுதான். சங்க காலத்திலேயே இந்த ஊரின் பகல் கடைவீதிக்கு நாளங்காடி, இரவுக் கடைவீதிக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயர் இருந்தது. இன்றைக்கும் அவை இரண்டு வேறு ஊர்கள். காலை 6.30க்குப் புறப்படும் நடையையும் மாலை 6.30க்குப் புறப்படும் நடையையும் ‘எது மலிவு’ என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு சங்கதி விளம்பரத் தாளில் வராது. கறி சாப்பிட்ட கையோடு கோயிலுக்குள் போக நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. மாலையில் தொடங்கி, வழியில் கறி தோசை, ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை என்று சில நடைகள் போடப்படுகின்றன. வெளிநாட்டுப் பயணிக்கு அது சிக்கலே இல்லை. தமிழ்க் குடும்பம் போனால் பாதி வழியில் பிரச்சினை தொடங்கும்: பெரியவர்கள் தட்டைத் தொடமாட்டார்கள், அல்லது சாப்பிட்டவர்கள் கோபுர வாசலோடு நின்றுவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் கொடுத்த காசில் பாதி வீண். ஆகவே திட்டத்தைப் படிக்கும்போது விலைக்கு முன்னால் வரிசையைப் பாருங்கள். கோயில் முதலில், கறி பிறகு என்று இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோயிலே இல்லாத நடையாக இருக்க வேண்டும்.

மாலைச் சாப்பாட்டு நடை

கூட்டு நடையில் நிஜமான லாபம் கைடின் பேச்சு இல்லை, பங்கு. மூன்று மணி நேரத்தில் ஒரு வயிறு தாங்குவது கொஞ்சம்தான். இரண்டு பேராகப் போனால் ஒரு கறி தோசையை ஆளுக்குப் பாதியாகப் பிய்க்கலாம்; அந்த அரைத் தோசையே அரை வயிறு. பிறகு ஒரு பரோட்டா, ஒரு ஜிகர்தண்டா, அத்தோடு ராத்திரி முடிந்தது. எட்டுப் பேர் என்றால் இரண்டு கறி தோசையை வாங்கி நாலு நாலாக வெட்டினால் ஆளுக்குக் கால் பாகம். அதே கணக்கில் ஒரு பன் பரோட்டா, ஒரு தட்டுச் சுக்கா, இட்லிக்குக் குடல் குழம்பு, ஒரு நல்லி என்று ஏழெட்டு வகைக்கு இடம் இருக்கும். தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களுக்குக் கூட்டு நடை கட்டுப்படியாவது இதனால்தான். ஐந்தாறு பேர் உள்ள குடும்பம் இந்தப் பங்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

வழக்கமான பாதை கோயிலுக்கு வடக்கே சிம்மக்கல் பக்கம் தொடங்கி, கிழக்கே மாசி வீதிகள் வழியாக விளக்குத்தூணில் முடியும், அல்லது தலைகீழாக. தூரம் பெரிதல்ல, இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். நடக்கத்தான் இடம் இருக்காது. மாசி வீதிகளில் மாலை ஏழு மணிக்கு இரு சக்கர வண்டி, தள்ளுவண்டி, ஜவுளி மூட்டை எல்லாம் ஒரே தடத்தில் போகும். பத்துப் பேருக்கு மேல் சேர்த்தால் கடைசி ஆளுக்குக் கைடின் குரல் கேட்காது, கடை வாசலில் நிற்கவும் முடியாது. எட்டுப் பேர் அளவான கூட்டம்.

கறி தோசையை எப்படிச் சாப்பிட வைக்கிறார்கள் என்பதை வைத்தே நடத்துகிறவரின் தரத்தைச் சொல்லிவிடலாம். அது மூன்று அடுக்கு. அடியில் ஊத்தப்பம்போலத் தடிமனான மாவு. அது பாதி வேகும்போது மேலே அடித்த முட்டை. முட்டை இறுகுவதற்குள் பொடிப்பொடியாகக் கொத்திய கறி மசாலாவைப் பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டுத் திருப்பிப்போட்டு, கறி கல்லில் பட்டு லேசாக முறுகும் வரை விட வேண்டும். சாதாத் தோசைபோல இரண்டு நிமிடத்தில் வராது. கூட்ட நேரத்தில் நடக்கும் தப்பு எது என்றால், முட்டை இறுகிய பிறகு கறியைத் தூவித் திருப்பாமலே எடுத்துவிடுவது. வெட்டும்போது கறி உதிர்ந்து தட்டில் விழுந்தால் அப்படிப் போட்டதுதான். பழகிய கைடு பத்து நிமிடம் முன்பே கடைக்குச் சொல்லிவிட்டு உங்களை வேறொரு தெருவைக் காட்டி மெதுவாகக் கூட்டிவருவார். பழகாதவர் கடைக்குள் உட்காரவைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் வரலாறு சொல்லுவார்.

ஜிகர்தண்டா கடைசியில் வர வேண்டும். வெயிலில் வந்தவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அதை முதலில் வாங்கித் தருகிறவர்கள் உண்டு. அதற்கப்புறம் யாருக்கும் பசிக்காது. நல்ல கோப்பையில் அடியில் பாதாம் பிசின் இருக்கும். ராத்திரி முழுக்க ஊறி, உடைத்த கண்ணாடித் துண்டுபோல உப்பி, நாக்கில் வழுக்கும். மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி ஆறிய பால், அதன் மேல் பால் சுண்டிச் செய்த ஐஸ்கிரீம். பிசின் சரியாக ஊறவில்லை என்றால் நடுவில் கடுக்கென்று ஒரு கரு தட்டுப்படும். பிசினுக்குப் பதிலாகக் கலர் ஜெல்லி மிதந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடலாம். சின்னக் கோப்பை போதும். ‘ஸ்பெஷல்’ என்பது பெரும்பாலும் கூடுதல் ஐஸ்கிரீம்தான்.

சைவக்காரர்கள் இந்த நடையில் ஏமாறும் வாய்ப்பு அதிகம். ‘வெஜ் ஆப்ஷன் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பாமல், கறி தோசைக்குப் பதில் என்ன, சுக்காவுக்குப் பதில் என்ன என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அதே கடையில் ஒரு வெறும் தோசைதான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி ஆகிய நாட்களில் உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் கறி தொடமாட்டார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எண்ணிக்கொள்வது நல்லது.

காலை நடை

பேர் வாங்கியது இரவு நடை. ஊரைப் புரிய வைப்பது காலை நடை. மதுரை தாமரை இதழ்போல அமைந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் காலால் உணர வேண்டும் என்றால் கூட்டம் இல்லாத நேரம் வேண்டும். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அடுத்தடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போகும். சித்திரை வீதிகளில் வண்டி ஓட்டம் கிடையாது. நாலு வீதியும் சுற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, எழுகடல் தெரு, தவிட்டுச் சந்தை, வெற்றிலைப்பேட்டை என்று தெருப் பெயர்களே பழைய தொழில் வரைபடம். ஒரு தெருவில் இன்னும் அந்தத் தொழில் இருக்கிறதா, எப்போது போனது, அங்கே இப்போது என்ன விற்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த கைடுதான் காலை நடைக்கு வேண்டியவர்.

அவர் திட்டத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறாரா என்று அறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல்காரர்களையும் புத்தகக் கடைகளையும் பார்க்கலாம் என்று இன்னும் எழுதிவைத்திருந்தால், பழைய தாளையே ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.

காலைச் சாப்பாடு முழுக்கச் சைவமாகவே அமையும், ஆகவே கோயிலோடு மோதாது. பஞ்சுபோன்ற இட்லி, நாலு வகைச் சட்னி, வெண்பொங்கல், வடை. சௌராஷ்டிரர்கள் நிறைந்த பகுதிகளில் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே பொடி தூவித் தரும் பச்சை வடை. இதை வேறு ஊரில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவல் தூவித் தருவது. விடாமல் கிண்டாவிட்டால் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை பாத்திரம் முழுக்க ஏறிவிடும். வண்டிக்காரர் அகப்பையை அடிவரை விட்டுத் துழாவுகிறாரா என்று பார்த்து வாங்குங்கள். சூட்டோடு குடித்துவிட வேண்டும், ஆறினால் கூழாகிவிடும்.

காலை நடையின் குறை ஒன்றுதான்: தூக்கம் கெடும். எட்டு மணிக்குப் புறப்படும் ‘காலை நடை’ காலை நடையே அல்ல. மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பதரைக்குள் கல் தரை சுட ஆரம்பித்துவிடும்.

கோயிலுக்குத் தனிக் கைடு

தமிழ் தெரிந்தவர்கள் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கறி தோசையை நாமே கேட்டு வாங்கிக்கொள்வோம். சிற்பம் நம்மோடு பேசாது. கைடு இல்லாமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இது: வரிசையில் நின்று அம்மனைப் பார்த்து, சுவாமியைப் பார்த்து, பொற்றாமரைக் குளக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, வந்த வழி மறந்து வெளியே வந்துவிடுவார்கள். வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாற்றி, வலக்காலைத் தூக்கி ஆடுவதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கம்பத்தடி மண்டபத்தின் திருக்கல்யாணச் சிற்பத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனி டிக்கெட் உண்டு என்பதே தெரிந்திருக்காது. அங்கே உள்ளவை 985 தூண்கள். சாப்பாட்டுக்கென்றே வந்தவர்கள் முக்குறுணி விநாயகர் முன் நிற்க வேண்டும். குறுணிக்கு 6 படி, ஆக 18 படி அரிசியில் விநாயகர் சதுர்த்திக்கு ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்கள். பெயரே அளவைப் பெயர். பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட சாமி இருக்கும் ஊரில் சோற்றையும் கோயிலையும் பிரித்துப் பார்க்க முடியாதுதான்.

அம்மன் சந்நிதி வாசலில் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து, மீனாட்சியை முதலில் தரிசித்து, பிறகு சுந்தரேசுவரர் சந்நிதி என்பது ஊர் வழக்கம். இரண்டு மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள்; ஒரு மணியில் முடிப்பவர் ஓட்டுகிறார். சுற்றுலாத் துறை உரிம அட்டை வைத்திருப்பவரா என்று கேட்டுப் பாருங்கள். வரிசை இல்லாமல் நேரே கூட்டிப்போகிறேன் என்று வாசலில் சொல்பவரை விட்டு விலகுங்கள். சிறப்பு தரிசன டிக்கெட்டைக் கோயில் கவுன்டரில் நீங்களே வாங்கலாம். இந்து அல்லாத நண்பர்கள் கருவறைப் பகுதிக்குள் போக முடியாது. பிராகாரங்களையும் மண்டபங்களையும் பார்க்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அங்கே போய் முகம் சுருங்க வேண்டியதில்லை.

எல்லோரும் மாட்டிக்கொள்வது செல்போனில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அடுத்து, கோயிலுக்குள் செல்போன் தடை செய்யப்பட்டது. வாசலில் லாக்கர் இருக்கிறது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன. கையில் போன் இல்லாததால் உள்ளே எதற்கும் போனில் காசு அனுப்ப முடியாது. டிக்கெட்டுக்கும் பிரசாதத்துக்கும் நோட்டாகவும் சில்லறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பிரிந்தால் கூப்பிட வழியில்லை, கைடிடமும் போன் இருக்காது. பொற்றாமரைப் படிக்கட்டின் ஒரு மூலையைச் சந்திக்கும் இடமாக முதலிலேயே பேசிவையுங்கள். மூன்றாவது, செருப்பும் போனும் வைத்த கோபுர வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். கிழக்கே வைத்துவிட்டுத் தெற்கே வந்தவர்கள் பகல் பதினொரு மணிக்குச் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு துள்ளுவதைத் தினமும் பார்க்கலாம்.

கார் பேக்கேஜும் சொந்த நடையும்

ஒருநாள் கார் பேக்கேஜை வரைபடத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அழகர்கோவில் வடக்கே 21 கிலோமீட்டர். திருப்பரங்குன்றம் தென்மேற்கே 8 கிலோமீட்டர். கீழடி தென்கிழக்கே 12 கிலோமீட்டர். மூன்றும் மூன்று திசை, ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும். கோயில்கள் எல்லாம் மதியம் நடை சாத்தும். அந்த நேரத்தில்தான் உங்களை ஒரு ஏசி ஓட்டலில் உட்காரவைத்து ‘மதுரைச் சாப்பாடு’ போடுவார்கள். மீனாட்சி கோயிலுக்குச் சாயங்காலக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் காரை விட்டால் வழியில்லை. அப்போது பட்டியலைப் பாதியாக வெட்டச் சொல்லுங்கள். காலையில் அழகர்கோவில் போய்ப் பிரசாதத் தோசை வாங்குங்கள். தோல் நீக்காத உளுந்து, அரிசி, மிளகு, சுக்கு சேர்த்துத் தடியாக வார்த்து நெய்யில் பொரித்தது. ஓட்டல் தோசையை நினைத்துக் கடித்தால் பல் அதிரும், பிய்த்து மென்றால் ருசி தெரியும். மதியம் ஓய்வு. மூன்றரை மணிக்கு மகால், அங்கிருந்து கோயில். மகால் பத்துத் தூண்கள் தெரு வரை பரவியிருந்த அரண்மனையின் மிச்சம். இன்று தனியாக நிற்கும் அந்தத் தூண்களையும் காரை நிறுத்திக் காட்டச் சொல்லலாம், ஐந்து நிமிட வேலை.

சொந்தமாக நடப்பது தமிழ் தெரிந்தவர்களுக்கு எளிது. ஸ்டேஷனிலிருந்து மேலக் கோபுரம் ஒரு கிலோமீட்டர்தான். தப்பு நடப்பது பட்டியலில்: இணையத்தில் பார்த்த பதினைந்து கடைகளையும் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்ப்பது. பன் பரோட்டாவுக்காக வண்டியூர் பக்கம், ஜிகர்தண்டாவுக்காக விளக்குத்தூண், அயிரை மீன் குழம்புக்காகத் தல்லாகுளம் என்று ஆற்றின் இரு கரைக்கும் ஆட்டோவில் அலைந்தால், ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் கூட்டு நடைக்கே பணம் கட்டியிருக்கலாம். வைகைக்குத் தெற்கே ஒரு வேளை, வடக்கே ஒரு வேளை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி யாருக்கு எது. தமிழ் தெரிந்த, ஐந்தாறு பேர் உள்ள குடும்பம் என்றால் காலையில் கோயிலுக்குத் தனிக் கைடு, மதியம் மெஸ், இரவில் நாமாகவே சிம்மக்கல்லிலிருந்து விளக்குத்தூண் வரை. தனியாகவோ இருவராகவோ வந்தால் இரவுக்குக் கூட்டு நடை, மறுநாள் காலை கோயில். முழுச் சைவம் என்றால் இரவு நடையை மறந்துவிட்டுக் காலை நடைக்குக் காசு கொடுங்கள். தமிழ் தெரியாத வெளியூர் நண்பரோடு வந்தால் இரண்டுக்கும் ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மொழிபெயர்த்துக்கொண்டே சாப்பிட்டால் உங்கள் தோசை ஆறிவிடும். சித்திரைத் திருவிழா நாட்களில் எந்த நடையும் சரிப்படாது. மாசி வீதிகளில் சாமி வரும்போது ஊரே நடை, கூடவே போனால் போதும். மோரும் பானகமும் வழியெல்லாம் கொடுப்பார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். சாப்பாட்டுக் காசு கட்டணத்தில் சேர்ந்ததா, கடையில் தனியா? தண்ணீர் பாட்டில் யார் தருவது? மழை கொட்டினால் தேதி மாற்றித் தருவார்களா, பணம் திரும்புமா? ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். எத்தனை இடம் என்று மட்டும் கேட்காமல், எத்தனை இடத்தில் உட்காரலாம் என்றும் கேளுங்கள். மூன்று மணி நேரம் நின்றே தின்றால் முழங்கால் சொல்லிக் காட்டும்.

ராத்திரி ரயில் பிடிக்கிறவர்கள் அல்வாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் சட்டியிலிருந்து எடுத்துச் சூடாகவே தருவார்கள். நூறு கிராம் வாங்கி அங்கேயே நின்று தின்றுவிட்டு, பார்சலைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பார்சல் ஆறியதும் நெய் உறைந்து இறுகிவிடும். ஊருக்குப் போய் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து மெல்லிய தீயில் கிளறினால் மறுபடி இளகும்.